சத்தம் போடாத டிஸ்க்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ தனியாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது.

கடிதத்தைப் பார்த்ததும், "இந்தக் காலத்துல யாரு லெட்டர் எழுதுறாங்க?" என்று சிரித்திருப்பாய். நன்றாகச் சிரி. போனில் பேசினால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை குறுக்கே பேசுகிறாய். மெசேஜ் அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இனிமேல் எதுவாக இருந்தாலும் எழுத்தில்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நான் ரெக்கார்ட் செய்து அனுப்பிய முதல் மூன்று அத்தியாயங்களையும் ஒலிநூல் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. இத்தனை வருடமாக முயல் கதையும் சேமிப்புக்கான வழிகளும் படித்துத் தொண்டையைத் தேய்த்தவளுக்கு, இப்போதுதான் ஒரு பெரிய நாவல் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பாகம், ஒரு வருட வேலை. அது எனக்குத் தங்குமா என்பது ஓர் ஆள் கையில் இருக்கிறது. எங்கள் ரெக்கார்டிங்குகளைக் கேட்டுப் பார்த்துச் சரி சொல்பவர். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. படிக்கிறவர்கள் எல்லோரும் அவரைக் 'காது' என்றுதான் சொல்கிறோம். அந்தக் காது எழுதுகிறார்: "குரல் அருமை. பின்னணியில் தொடர்ந்து ஓர் இரைச்சல். இன்னும் இரண்டு முறை பார்க்கலாம். அதன் பிறகு நாவலை வேறு குரலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்."

குரல் அருமையாம், ஆனால் வேறு குரலாம்.

அப்பா அறைக்கு அடுத்த சின்ன அறையில்தானே ரெக்கார்ட் செய்கிறேன். ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, கதவிடுக்கில் துணியைத் திணித்து, மின்விசிறியைக் கூட நிறுத்திவிட்டு வியர்த்து வடிந்து படிக்கிறேன். இரைச்சல் போட அங்கே கம்ப்யூட்டரைத் தவிர என்ன இருக்கிறது? கடைக்காரர் வந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் பழசு மேடம், அதான் உருமுது" என்றார். அதே விலைக்குப் புதிய பெரிய ஹார்ட் டிஸ்க்கும் போடலாமாம், சின்ன எஸ்.எஸ்.டி.யும் போடலாமாம். எது போடட்டும்? நீதான் நாள் முழுக்க டிஸ்க்கோடு குடும்பம் நடத்துகிறவன். சொல்லு.

அப்பா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நன்றாக இருக்கிறார்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நலம். கேட்டதற்குப் பதில்: சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர் என்னை ஏதோ வழக்கில் மாட்டியவனைப் போலப் பார்த்தார். இந்தக் கட்டடத்துக்குக் கையால் எழுதிய உறை வந்ததே இல்லையாம்.

இதைப் போய்க் கேட்கிறாயே அக்கா! எஸ்.எஸ்.டி., எஸ்.எஸ்.டி., எஸ்.எஸ்.டி. இனி மறுபேச்சு இல்லை.

ஹார்ட் டிஸ்க் என்பது என்ன? உள்ளே ஒரு தட்டு விடாமல் சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முள் அங்கேயும் இங்கேயும் ஓடித் தேடுகிறது. சுற்றுவது எதுவும் சத்தம் போடும், சூடாகும், தேயும், ஒருநாள் நிற்கும். நான் வேலை பார்க்கும் கூடத்தில் கம்ப்யூட்டர்கள் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. செத்த டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு உயிருள்ள டிஸ்க்கைச் செருகுவதுதான் என் பிழைப்பு. தினமும் பிணம் தூக்குகிறவன் சொல்கிறேன், கேள்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே கிடையாது. முழுக்கச் சில்லுதான். அசையாது, உருமாது. பட்டனை அழுத்திவிட்டு நீ நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் கம்ப்யூட்டர் தயாராக இருக்கும். மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்கிறவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டையும் உன் முன்னால் வைத்து "எது வேணும்?" என்று கேட்ட அந்தக் கடைக்காரரை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

காதுக்கும் என் கண்டனத்தைத் தெரிவி. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புள்ள,
தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

நீ திட்டுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்க்தான் வாங்கினேன். புதுசு, பெரிசு.

கோபப்படாமல் கேள். நான் ஓர் அத்தியாயத்தைப் பிழையில்லாமல் கொடுக்க நாலு தடவை படிக்கிறேன். காது என்றைக்கு எந்த வரியைத் திரும்பக் கேட்பார் என்று தெரியாது, அதனால் எதையும் அழிப்பதில்லை. சின்ன எஸ்.எஸ்.டி.யில் ஒரு பாகத்துக்கே இடம் போதாது. இன்னொன்றும் கடைக்காரர் சொன்னார். "ஹார்ட் டிஸ்க் போறதுக்கு முன்னாடி முனகும், கடகடன்னு அடிச்சுக்கும், நாம உஷாராயிடலாம். எஸ்.எஸ்.டி. அப்படி இல்ல மேடம். நேத்து வரைக்கும் நல்லா இருக்கும், காலையில பார்த்தா போயிருக்கும்." எனக்கு அதைக் கேட்டதும் பயமாகப் போய்விட்டது. சொல்லாமல் போகிற எதுவும் எனக்கு வேண்டாம்.

ஆனால் என் தலையெழுத்தைப் பார். புது டிஸ்க்கைப் போட்டுப் படித்து அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்துவிட்டது. இரைச்சல் அப்படியே இருக்கிறதாம். "மூச்சு விடுவது போல ஏறி இறங்குகிறது" என்று காது எழுதியிருக்கிறார். கவிதை எழுதுகிறார் எனக்கு! இனி ஒரே ஒரு முறைதான். இதுவும் திரும்பினால் நாவல் என் கையை விட்டுப் போய்விடும்.

அப்பா இருக்கிறார். வெயில் ஏறிவிட்டது, அதிகம் வெளியே போவதில்லை.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நலமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும் வரைக்கும்.

என்னைக் கேட்டாய், நான் சொன்னேன், நீ நேர் எதிராகச் செய்தாய். இதற்கு எதற்குத் தபால்தலை? கடைக்காரர் காதில் பூச் சுற்றினார், நீயும் தலையை ஆட்டிக்கொண்டு காதைக் காட்டியிருக்கிறாய். ஹார்ட் டிஸ்க் முனகிச் சாகும், எஸ்.எஸ்.டி. சொல்லாமல் சாகும் என்பது பாதி உண்மை. ஒரு முனகல் கூட இல்லாமல் போன ஹார்ட் டிஸ்க்குகளை நான் கூடை கூடையாக எடுத்துப் போட்டிருக்கிறேன். எதுவானாலும் இரண்டாவது நகல் வைத்துக்கொள்வதுதான் வழி. சாவுக்குப் பயந்து யாராவது உருமுகிற சாமானை மைக்குக்குப் பக்கத்தில் வைப்பார்களா?

இப்போது நான் சொல்கிறபடி செய். சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடு. ரெக்கார்டிங் எல்லாம் அதில். புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கேபிள் வைத்த டிஸ்க் உறை ஒன்றில் போட்டு வெளியே வை. வேலை முடிந்ததும் சொருகி நகல் எடு, பிடுங்கி அலமாரியில் பூட்டு. வேகத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், நீ ஒழுங்காகக் கேட்பாய் என்று நம்பிவிட்டேன்.

ஆனால் ஒன்று எனக்கு இடிக்கிறது. புதிய ஹார்ட் டிஸ்க் சத்தம் போடும்தான், ஆனால் ஏறி இறங்காது. ஒரே சீராக இரையும். அதனால் ஒரு காரியம் செய். கம்ப்யூட்டரை முழுக்க நிறுத்திவிடு. போனை மைக் இருக்கும் இடத்தில் வைத்து, நீயும் பேசாமல், ஒரு நிமிஷம் அந்த அறையின் அமைதியை மட்டும் ரெக்கார்ட் செய்து எனக்கு அனுப்பு. அப்போதும் இரைச்சல் இருந்தால் குற்றவாளி டிஸ்க் இல்லை. என்ன மெஷின் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல். வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கூடை கூடையாகப் பிணம் தூக்குகிறாய் என்று எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று. உறையும் வாங்கியாயிற்று. நீ சொன்னது உண்மைதான், பட்டனை அழுத்தினால் திறந்துகொண்டு நிற்கிறது. முன்பெல்லாம் அழுத்திவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். இப்போது அது எனக்காகக் காத்திருக்கிறது. பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன், உயிரே இல்லாதது போல இருக்கிறது. கடைசி வாய்ப்புக்கான மூன்று அத்தியாயங்களையும் புதிதாகப் படித்து அனுப்பிவிட்டேன்.

அறையின் அமைதியை அனுப்பச் சொன்னாய். அதற்கெல்லாம் எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? நான் என்ன உன் ஆபீசில் சம்பளம் வாங்கும் ஆளா, சோதனை செய்து அனுப்ப? டிஸ்க்தான் என்று நீயே தீர்ப்புச் சொன்னாய், டிஸ்க்கை மாற்றியாயிற்று, அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 3

தம்பி,

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! காது எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: "சுத்தமான ஒலி. கிணற்றடியில் நின்று பேசுவது போல அமைதி. தொடருங்கள்." மூன்று பாகமும் எனக்குத்தான். நீ ஜெயித்தாய், நான் தோற்றேன், இதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

நிற்க நேரமில்லை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் படிக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். என் உச்சி குளிர்ந்துவிட்டது. உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மொழி தெரியாதவர்கள் கூடக் கை தட்டினார்கள்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தால் இரண்டாவது முறையும் திரும்பி வந்திருக்குமா? அந்தக் கடைக்காரரைப் பார்த்தால் சொல், சத்தம் போடாத டிஸ்க் ஒரு பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்றியது என்று.

அது சரி, எவ்வளவு காலம் இப்படி எழுதிக்கொண்டே இருப்பது? கோபம் தீர்ந்திருக்கும் அல்லவா, போனை எடு. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அப்பாவுடைய போனும் மூடியிருக்கிறது. பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராகக் கத்தியவருக்கு என்னோடு பேச ஒரு நிமிஷம் இல்லையா? பேசப் பிடிக்காவிட்டால் உன் கடிதத்தின் கடைசியில் அவர் கையால் ஒரு வரி எழுதச் சொல். விசாரித்ததாகவும் சொல்.

தம்பி


மே 19

அக்கா,

ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. நாவல் கிடைத்ததும் தம்பி தேவையில்லையா? உன் டிஸ்க்குக்கு மட்டும்தான் நான் உறவா? நலமா இல்லையா என்று இரண்டு சொல் எழுது. எனக்கு இப்போது உண்மையிலேயே கோபம் வருகிறது.

தம்பி


மே 31

தம்பிக்கு,

கோபம் வருகிறதா உனக்கு? உட்கார்ந்து படி.

உன் எஸ்.எஸ்.டி. எதையும் காப்பாற்றவில்லை. கிணற்றடி அமைதியாம்! மார்ச்சில் நான் படிக்கும்போதெல்லாம் அப்பா தன் மெஷினை நிறுத்தி வைத்திருந்தார். அந்த அமைதிதான் காதுக்குப் பிடித்தது.

என்ன மெஷின் என்று கேட்பாய். ஆக்சிஜன் மெஷின். டிசம்பரிலிருந்து இந்த வீட்டில் ஓடுகிறது. அப்பாவின் நுரையீரல் சுருங்கிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆரம்பித்தது, இப்போது உட்கார்ந்திருந்தாலும் மூக்கில் குழாய் வேண்டும். அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாகக் கொடுக்கிறது. அதுதான் ஏறி இறங்கி இரையும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் படிக்கிறேன், அந்தப் பக்கம் அது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றா கேட்கிறாய்? அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவன்கிட்ட சொன்னே, மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பான். போன தடவை என் ஆபரேஷனுக்கு ஓடி வந்து வேலையை விட்டான். இந்தத் தடவை அவன் வேலை ஒப்பந்தம் முடியட்டும்" என்றார். போனில் பேசினால் உனக்கு அந்த இரைச்சல் கேட்டுவிடும். எந்த மெஷின் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம். நீ குறுக்கே பேசுகிறாய் என்பதெல்லாம் சாக்கு. அமைதியை ரெக்கார்ட் செய்து அனுப்பு என்று நீ எழுதியபோது, அடுப்படியில் நின்று அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

எனக்குத் தெரியாதா என்று நினைக்கிறாயா, இரைச்சல் எது என்று? தெரியும். ஆனால் டிஸ்க்காக இருக்கட்டும், டிஸ்க்காக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். டிஸ்க் என்றால் மாற்றலாம். அதனால்தான் கடைக்காரரையும் நம்பினேன், உன்னையும் நம்பினேன். சுத்தமான ஒலி என்று கடிதம் வந்த நாளில், டிஸ்க்தானாம் என்று அப்பாவிடமே போய்க் குதித்தேன். அவரும், "பரவாயில்லையே, தம்பி கெட்டிக்காரன்" என்றார். எப்படி நடித்திருக்கிறார் பார்!

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் அத்தியாயத்தின் நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் எடுக்க வெளியே வந்தேன். வீடு இருந்த அமைதியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். குழாய் மடியில் கிடந்தது, மெஷின் செத்துக் கிடந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும், டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்ட ஆள் போல முழித்தார். "நீ போய்ப் படிம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அதைச் சொல்லவே மூன்று தடவை மூச்சு வாங்கினார்.

நான் கதவை மூடும் சத்தம் கேட்டதும் மெஷினை நிறுத்துவாராம். நாற்காலியைத் தள்ளி நான் எழும் சத்தம் கேட்டதும் போடுவாராம். தினமும் காலையில் இரண்டு மணி நேரம்! ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் அவரைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். "படிச்ச பொண்ணு, பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு தெரியலையா?" என்றார். நான் என்ன சொல்வேன், காதில் ஹெட்போன் போட்டிருந்தேன் என்றா? என் குரலையே நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றா?

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இப்போது தேவலை. கம்பெனிக்கு, இனி படிக்க முடியாது, நாவலை வேறு குரலுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டேன். எனக்காகத்தான் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி என் வாயிலிருந்து ஒரு பக்கம் வராது.

சத்தியத்தை மீறி எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியட்டும், பரவாயில்லை.

அக்கா


ஜூன் 11

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஒரு குழாய்! ஒரு நீளமான குழாய் போதும் அக்கா! உன் கடிதம் வந்த அன்றே இங்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணில் பட்ட நர்ஸிடமெல்லாம் கேட்டேன். மெஷினோடு வருவது குட்டைக் குழாய்தான். அதற்கு நீளக் குழாய் கிடைக்கிறது. மெஷினைப் பின்கட்டில் வைத்துவிட்டு, குழாயை மட்டும் அப்பா அறைக்குக் கொண்டு வரலாம். எவ்வளவு நீளம் போகலாம் என்று உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள். மெஷின் வாடகைக்குக் கொடுத்தவரிடம் சொன்னால் வந்து மாட்டிவிட்டுப் போவார். அரை நாள் வேலை.

நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன்? தட்டு, முள், சில்லு, உறை! எத்தனை பக்கம்! மெஷின் ஒன்று ஓடுகிறது என்று நீ ஒரு சொல் எழுதியிருந்தால் ஜனவரியிலேயே முடிந்திருக்கும். அப்பா ஒரு நாள் கூட மூச்சை அடக்கியிருக்க வேண்டாம்.

என் வேலை போய்விடும் என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தீர்களே, நான் யார் இந்த வீட்டுக்கு? செத்த டிஸ்க் பொறுக்குகிற வேலை இங்கே இல்லாவிட்டால் இன்னொரு இடத்தில். அப்பா எங்கே கிடைப்பார்? உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. அவர் மேல் அதைவிட.

விடுப்புக் கேட்டிருக்கிறேன். கொடுத்தாலும் வருவேன், கொடுக்காவிட்டாலும் வருவேன்.

அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

தம்பி


ஜூன் 26

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலமில்லை. நலம், நலம் என்று எழுதித்தான் இந்த வீட்டில் இவ்வளவு கூத்தும் நடந்தது. அதனால் உள்ளதை எழுதுகிறேன். மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, பசி இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது.

உங்கள் கடிதங்களையெல்லாம் வாங்கி வரிசையாகப் படித்தேன். கிழித்துப் போட்டதையும் உன் அக்கா ஒட்டித்தான் வைத்திருந்தாள். படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் விசில் அடித்து நிறுத்தி இரண்டு பேரையும் வண்டியை விட்டு இறக்கிவிட்டிருப்பேன். மூச்சில்லை, பிழைத்துப் போங்கள்.

அவளுக்காக நான் மெஷினை நிறுத்தினேனாம். யார் சொன்னது? அவள் இரண்டு மாதமாக அழுது வடிகிறாள், நீ அங்கே அழுகிறாய். நான் தியாகியும் இல்லை, ஒன்றும் இல்லை. மெஷின் ஓடினால் அவள் படிப்பது எனக்குக் கேட்கவில்லை. அதனால் நிறுத்தினேன்.

இந்த வீட்டில் என்னிடம் அவள் பேசுவது என்ன தெரியுமா? "மாத்திரை போட்டாச்சா? சாப்டாச்சா? விரலை நீட்டுங்க, ஆக்சிஜன் பாக்கணும்." அவ்வளவுதான். நல்ல பெண், குறை சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் தெரியாத ஊராருக்கு என்ன அழகாகப் பேசுகிறாள்! சிரிக்கிறாள், அதட்டுகிறாள், குழந்தை குரலில் கெஞ்சுகிறாள். அந்தக் கதையில் ஒரு கப்பல்காரன் வருகிறான். அவனாக அவள் பேசும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவள் வாயிலிருந்து இவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. என் மகள் குரலை நான் கேட்கக் கூடாதா? சுவரோரம் நாற்காலி போட்டுத்தான் கேட்க வேண்டுமா? மூச்சு முட்டியது உண்மைதான். கப்பல்காரனைச் செய்யாத குற்றத்துக்கு ஜெயிலில் போட்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் போய் யார் மெஷினைப் போடுவார்கள்?

நீயும் அப்படித்தான். 'அப்பாவை விசாரித்ததாகச் சொல்', 'அப்பாவை விசாரித்ததாகச் சொல்.' டிஸ்க்குக்கு இரண்டு பக்கம், எனக்கு இரண்டு சொல். என்னை விசாரிக்க வேண்டுமானால் என்னை விசாரி. நடுவில் எதற்கு அவள்? பொய் சொல்லச் சொன்னது நான்தான், அது என் தப்பு, அதற்காக நீ கேட்காமல் இருந்தது சரியாகிவிடாது.

குழாய் விஷயத்தில் நீ கெட்டிக்காரன்தான். டாக்டரைக் கேட்டு நீளக் குழாய் போட்டாயிற்று. மெஷின் பின்கட்டில் ஓடுகிறது. காதுக்கு அவளை எழுத வைத்தேன். நல்ல மனுஷன், நாவலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். ஆனாலும் இவள் படிக்க மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நீ வாயைத் திறந்தாத்தான் இது மூக்குக்குப் போகும்" என்றேன். இரண்டு பேரும் பிடிவாதம் பிடித்தோம். அவளால் அதிக நேரம் முடியவில்லை.

இப்போது ஓர் ஏற்பாடு. கதவைத் திறந்து வைத்து, முதலில் எனக்குப் படிக்கிறாள். தப்பு வந்தால் நான் சொல்கிறேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனிக்குப் படிக்கிறாள். முதல் தடவை படிப்பதுதான் நன்றாக இருக்கிறது, அது அவர்களுக்குக் கிடைக்காது.

நீ வேலையை விட்டுவிட்டு வந்தால் வாசலிலேயே நிற்க வைப்பேன். விடுப்பு கொடுத்தால் வா, இருந்துவிட்டுப் போ. அது வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய். என் போனைத் திறந்து வைத்திருக்கிறேன், நானே எடுப்பேன். நீ பேசும்போது மெஷினைப் பின்கட்டிலிருந்து என் பக்கத்துக்கே தள்ளிக்கொண்டு வரச் சொல்லப் போகிறேன். நன்றாகக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா